முதற்பதிப்பும் வாசகர் கைபட்ட படியும்: உளவுப் புதினச் சேகரிப்பை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

1953ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இலண்டனைச் சேர்ந்த ஜோனதன் கேப் நிறுவனம் 'கேசினோ ராயல்' என்னும் புதினத்தை வெளியிட்டது. இயான் பிளெமிங் எழுதிய முதல் புதினம் அது. ஜேம்ஸ் பாண்ட் என்னும் உளவாளி அதில்தான் முதன்முதலாகத் தோன்றினான். முதல் அச்சில் உருவானவை 4,728 படிகள். பத்து ஷில்லிங் ஆறு பென்சுக்கு விற்கப்பட்ட அந்நூல், மேலுறையோடு பழுதின்றிக் கிடைத்தால் இன்று ஏலத்தில் பல்லாயிரம் பவுன் பெறுகிறது.

இவ்விலையைக் கண்டு வியப்பதும் எளிது. பொழுதுபோக்கு நூலுக்கு இத்தனை விலையா என்று இகழ்வதும் எளிது. இரண்டும் ஆய்வுக்கு உதவா. முதற்பதிப்பு இலக்கிய வரலாற்றுக்கு எதைத் தருகிறது, அதைச் சேகரிப்போர் எதைக் காக்கின்றனர், எதைக் கழிக்கின்றனர் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். பழைய ஆங்கில உளவுப் புதினங்களின் சேகரிப்பு இவ்வினாக்களை ஆராய ஏற்ற களம். முதற்பதிப்பு ஒரு வரலாற்றுச் சான்று. சேகரிப்புச் சந்தை அச்சான்றின் ஒரு பாதியை மிகுந்த அக்கறையுடன் காக்கிறது. மறுபாதியைக் குறை எனக் கருதித் தள்ளுகிறது. தள்ளப்படும் அப்பாதியைப் பல்கலைக்கழக நூலகங்கள் ஏற்றுக் காக்க வேண்டும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதற்பதிப்பு தரும் சான்று

வெகுமக்கள் புதினங்களின் பாடம் நிலையானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஒரு கதை எத்தனை முறை அச்சிடப்பட்டாலும் அதே கதைதானே என்று கருதப்படுகிறது. உளவுப் புதினங்களின் வரலாறு இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை.

பிளெமிங்கின் இரண்டாம் புதினமான 'லிவ் அண்ட் லெட் டை' 1954இல் இலண்டனில் வெளிவந்தது. அதன் ஐந்தாம் இயலின் தலைப்பில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இடம்பெற்றிருந்தது. 1955இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் அத்தலைப்பு மாற்றப்பட்டது. அவ்வியலில் வரும் ஹார்லெம் பகுதி உரையாடலும் குறைக்கப்பட்டது. இம்மாற்றங்களுக்கு ஆசிரியர் இசைவு தந்திருந்தார். 'கேசினோ ராயல்' வெளிவந்த எழுபதாம் ஆண்டையொட்டி 2023இல் பாண்ட் புதினங்கள் மறுபதிப்புப் பெற்றபோது இனம் சார்ந்த சொற்கள் மேலும் திருத்தப்பட்டன. இன்றைய வாசகருக்கு எப்பாடத்தைத் தருவது என்பது பதிப்பாளரும் உரிமையாளரும் முடிவு செய்யும் செய்தி. ஆனால் 1954ஆம் ஆண்டின் பிரித்தானிய வாசகர் எதைக் கூச்சமின்றிப் படித்தார், எதைப் படிக்க அவர்மீது எவ்வகைத் தடையும் இருக்கவில்லை என்பதை ஆராய்பவருக்கு அவ்வாண்டின் நூலே சான்று. பின்வந்த பாடம் எத்துணை நயமுடையதாயினும் அவ்வினாவிற்கு விடை தராது.

தலைப்புகளும் இவ்வாறே மாறின. 'கேசினோ ராயல்' அமெரிக்காவில் 1955இல் காகித அட்டைப் பதிப்பாக வந்தபோது 'யூ ஆஸ்க்டு ஃபார் இட்' என்னும் பெயரைப் பெற்றது. அதன் பின்னட்டை நாயகனை 'ஜிம்மி பாண்ட்' என்று அழைத்தது. எரிக் ஆம்ப்ளர் 1939இல் வெளியிட்ட 'தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ்' அமெரிக்காவில் 'எ காஃபின் ஃபார் டிமிட்ரியோஸ்' ஆயிற்று. முகமூடி என்னும் சொல் சுட்டும் மறைவையும், சவப்பெட்டி என்னும் சொல் சுட்டும் முடிவையும் ஒன்றாகக் கருத இயலாது. ஒரே கதையை இரு நாட்டுச் சந்தைகள் இரு வேறு எதிர்பார்ப்புகளோடு விற்றன என்பதற்கு இம்முகப்புகளே சான்று.

அரசு நேரடியாகத் தலையிட்ட நிகழ்வும் உண்டு. முதல் உலகப் போரில் பிரித்தானிய உளவுப் பணியில் ஈடுபட்ட காம்ப்டன் மெக்கன்சி, தம் அனுபவங்களை 'கிரீக் மெமரீஸ்' என்னும் நூலாக 1932இல் வெளியிட்டார். அரசு மறைபொருட் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நூல் திரும்பப் பெறப்பட்டது. 1933இல் அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் 'வாட்டர் ஆன் தி பிரெய்ன்' என்னும் அங்கதப் புதினத்தை எழுதி உளவுத்துறையை நகையாடினார். 'கிரீக் மெமரீஸ்' நூலின் வெட்டப்பட்ட வடிவம் 1939இல் வெளிவந்தது. முழுப் பாடம் மீண்டும் பொதுமக்களுக்குக் கிடைக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் அரசு எதை மறைக்க விரும்பியது என்பதை அறிய இருந்த வழி, திரும்பப் பெறப்பட்டும் அழியாது எஞ்சிய சில முதற்பதிப்புப் படிகளே. அப்புதினத்தின் எள்ளல் எங்கிருந்து பிறந்தது என்பதும் அப்படிகளோடு ஒப்பிட்டால்தான் விளங்கும்.

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் வெளியிட்ட 'தி ரிடில் ஆஃப் தி சேண்ட்ஸ்' ஜெர்மானியக் கடற்கரையின் மணற்றிட்டுகளிடையே நிகழும் கதை. நிலப்படங்களும் கடல்வழிப் படங்களும் அந்நூலின் பகுதிகள். அவற்றை விரித்து வைத்துக்கொண்டு படிக்கும் வகையிலேயே கதை அமைந்துள்ளது. நூல் அச்சில் இருந்தபோதே அரசு கடற்பாதுகாப்பு நடவடிக்கைகள் சிலவற்றை அறிவித்ததைச் சுட்டும் பின்குறிப்பு ஒன்றும் 1903 மார்ச் என்னும் நாட்குறிப்போடு இடம்பெற்றது. புனைவும் அன்றாட அரசியலும் எத்துணை நெருங்கி நின்றன என்பதற்கு அப்பின்குறிப்பைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

அச்சும் நிலையும்

ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு தோன்றுவது போல ஒரே பதிப்பின் அச்சுப் படிகளுக்குள்ளும் வேறுபாடு தோன்றும். 1955இல் வெளிவந்த 'மூன்ரேக்கர்' புதினத்தின் பத்தாம் பக்கத்தில் ஒரு சொல்லின் இறுதி எழுத்து சில படிகளில் உள்ளது, சிலவற்றில் இல்லை. இவற்றுள் எது முந்தியது என்பதில் சேகரிப்போரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. 1965இல் வந்த 'தி மேன் வித் தி கோல்டன் கன்' நூலின் முன்னட்டையில் பொன்னிறத் துப்பாக்கி உருவம் பொறிக்கப்பட்டது. செலவு மிகுதி கருதி அது கைவிடப்பட்டதால் அவ்வுருவம் தாங்கிய படிகள் மிகச் சிலவே.

இத்தகைய நுண்குறிப்புகள் விலையை உயர்த்தும் வணிக உத்திகள் என்று ஒதுக்கப்படுவதுண்டு. ஆயினும் அச்சகத்தில் என்ன நிகழ்ந்தது, பதிப்பாளர் எங்கே செலவைக் குறைத்தார், எந்நிலையில் பாடம் மாறியது என்பனவற்றை இவை காட்டுகின்றன. நூலின் பருப்பொருளை உற்றுநோக்கும் இப்பழக்கம் ஆய்வுக்கு எத்துணை வலிமை தரும் என்பதை 1934ஆம் ஆண்டு நிகழ்வொன்று உணர்த்தியது. நூல் வணிகத் துறையினரான ஜான் கார்ட்டர், கிரஹாம் போலார்ட் ஆகிய இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் முதற்பதிப்புகள் என விற்கப்பட்ட சிறுநூல்கள் பலவற்றின் தாளையும் அச்செழுத்தையும் ஆராய்ந்தனர். நூலில் குறிக்கப்பட்ட ஆண்டில் அத்தகைய தாள் வழக்கிலேயே இல்லை என்று நிறுவி, அவை போலிகள் என மெய்ப்பித்தனர். அப்போலிகளுக்குப் பின்னால் இருந்தவர், இங்கிலாந்தின் மதிப்புமிக்க சேகரிப்பாளராகக் கருதப்பட்ட தாமஸ் ஜே. வைஸ். அதுவரை அவற்றை நம்பி எழுதப்பட்ட நூலடைவுகள் திருத்தம் பெற வேண்டியதாயிற்று.

அரிதானதன் காரணங்கள்

ஆயிரக்கணக்கில் அச்சான நூல்கள் எவ்வாறு அரியவையாயின? முதற்காரணம் அவை படிக்கப்பட்டமையே. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உளவுப் புதினங்களைப் பெரும்பாலோர் விலைக்கு வாங்கிப் படிக்கவில்லை. இரவல் நூலகங்களில் வாடகைக்கு எடுத்துப் படித்தனர். பூட்ஸ் என்னும் மருந்துக்கடை நிறுவனம் தன் கிளைகளில் நடத்திய நூலகம் 1966 வரை இயங்கியது. முன்னட்டையில் பச்சை நிறக் கேடயச் சின்னம், முதுகின் மேற்பகுதியில் உறுப்பினர் அடையாள வில்லையைக் கோக்க ஒரு துளை ஆகியவை அந்நூலகத்துப் படிகளின் அடையாளங்கள். பலர் கைபட்டுத் தேய்ந்தபின் அவை கழிக்கப்பட்டன.

இரண்டாம் காரணம் போர். 1940 திசம்பர் 29ஆம் நாள் இரவு நிகழ்ந்த குண்டுவீச்சில் இலண்டன் நூல் வணிகத்தின் மையமான பேட்டர்நோஸ்டர் தெரு எரிந்தது. ஏறத்தாழ 50 இலட்சம் நூல்கள் அழிந்தன என மதிப்பிடப்படுகிறது. தாள் தட்டுப்பாட்டை ஈடுசெய்யப் பழைய நூல்களைத் திரட்டிக் கூழாக்கும் இயக்கமும் நாடெங்கும் நடந்தது. ஆம்ப்ளரின் தொடக்ககாலப் புதினங்கள் 1936 முதல் 1940 வரையான ஆண்டுகளில் வெளிவந்தவை. அவற்றின் முதற்பதிப்புகள் அரிதாயிருப்பதை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும்.

மூன்றாம் காரணம் மதிப்பீடு. பொழுதுபோக்கு நூல்களைக் காப்பது தம் கடமை என்று கல்வி நிறுவனங்கள் நெடுங்காலம் கருதவில்லை. சட்டப்படி நூல்களைப் பெறும் வைப்பு நூலகங்கள் புதினத்தைப் பேணின. அதன் மேலுறையை அகற்றுவது அவற்றின் நீண்டகால வழக்கமாக இருந்தது.

மேலுறை தொடக்கத்தில் தூசு படியாமல் காக்கும் தாளாகவே கருதப்பட்டது. பின்னர் அதுவே நூலை வாசகரிடம் அறிமுகப்படுத்தும் முகமாயிற்று. லென் டெய்ட்டன் 1962இல் வெளியிட்ட 'தி இப்க்ரெஸ் ஃபைல்' புதினத்துக்கு ரேமண்ட் ஹாக்கி அமைத்த மேலுறையில், வெண்மையான பின்புலத்தில் ஒரு சுழல்துப்பாக்கியும் தேநீர்க் கோப்பை ஒன்றும் காகிதப் பிடிப்பான்களும் ஒளிப்படமாக இடம்பெற்றன. உளவு என்பது வீரச்செயலாகத் தோன்றிய காலம் போய், அலுவலக மேசையில் நிகழும் சலிப்பான தொழிலாகத் தோன்றும் காலம் வந்துவிட்டது என்பதைக் கதையைத் திறக்குமுன்பே அப்படம் அறிவித்தது. அம்மேலுறையின்றி அப்புதினத்தைப் பெறும் ஆய்வாளர் அவ்வறிவிப்பை இழந்தே படிக்கிறார்.

சேகரிப்பாளரின் பங்கு

நிறுவனங்கள் கைவிட்டதைத் தனிமனிதர்கள் காத்தனர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. பிளெமிங்கே பெரும் நூற்சேகரிப்பாளர். பெர்சி மூயர் என்னும் நூல் வணிகரின் துணையோடு, அறிவியலிலும் வாழ்வியலிலும் புதியதொரு போக்கைத் தொடங்கிவைத்த நூல்களின் முதற்பதிப்புகளை 1930களிலிருந்து திரட்டினார். நூற்சேகரிப்புக்கென 1952இல் 'தி புக் கலெக்டர்' இதழ் தோன்றக் காரணமாயிருந்தார். 1963இல் இலண்டனில் அச்சுக்கலையின் அறிவுப் பங்களிப்பைக் காட்ட நடைபெற்ற கண்காட்சிக்கு அவர் தொகுப்பிலிருந்து 44 நூல்கள் சென்றன. அத்தொகுப்பு இன்று அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் உள்ளது.

உளவுப் புதினங்களும் எழுதிய கிரஹாம் கிரீன், டோரதி குளோவருடன் இணைந்து விக்டோரியக் காலத் துப்பறியும் கதைகளைத் திரட்டினார். பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத காலத்தில் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்க்கப்பட்ட அத்தொகுப்பின் அடைவு 1966இல் நூலாக வெளிவந்தது. அவ்வகை இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர்க்கு அது கருவிநூலாயிற்று. சேகரிப்பாளரின் ஆர்வமே ஆய்வாளரின் தரவாக மாறிய நிலை இது.

குறையற்ற படி என்னும் அளவுகோல்

சிக்கல் சேகரிப்பில் இல்லை. சேகரிப்பை ஆளும் அளவுகோலில் உள்ளது. சந்தையில் உயர்ந்த விலை பெறுவது குறையற்ற படி. மேலுறை மங்காதிருத்தல், முதுகு சாயாதிருத்தல், பெயரோ முத்திரையோ அடிக்கோடோ இல்லாதிருத்தல் ஆகியன அதன் இலக்கணங்கள். சுருங்கக்கூறின், எவரும் படிக்காத படியே தலைசிறந்த படி. நூலக முத்திரை உடையது நூலகக் கழிவு எனப்பட்டு விலையில் வீழ்கிறது.

வாசிப்பு வரலாற்றை ஆராய்பவருக்கு இவ்வரிசை தலைகீழானது. இரவல் நூலகத்தின் சின்னமும் திருப்பித் தரவேண்டிய நாள்களின் முத்திரை வரிசையும் ஒரு நூல் எவ்வூரில், எத்தனை முறை, எவ்வளவு காலம் படிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். பரிசாகத் தந்தவரின் கையெழுத்து அந்நூலுக்குச் சமூகம் அளித்த இடத்தைச் சொல்லும். ஓரக்குறிப்பு வாசகரின் ஐயத்தையோ மறுப்பையோ சொல்லும். குறையற்ற படி பதிப்பாளர் செய்ததைக் காட்டுகிறது. கைபட்ட படி வாசகர் செய்ததைக் காட்டுகிறது. வெகுமக்கள் இலக்கியம் என்னும் பெயரே வாசகரை முன்னிறுத்துவது. அவ்விலக்கியத்தில் வாசகரின் தடத்தை அழுக்கு எனக் கருதும் அளவுகோல் ஆய்வுக்கு உரியதாகாது.

இவ்வளவுகோல் சான்றைச் சிதைக்கவும் தூண்டுகிறது. மேலுறையுள்ள படிக்கும் அஃதில்லாத படிக்கும் இடையே விலை பன்மடங்கு வேறுபடுவதால், ஒரு படியின் மேலுறையை எடுத்து மற்றொன்றுக்கு அணிவிப்பது நடைபெறுகிறது. 'கேசினோ ராயல்' முதல் அச்சின் தொடக்க மேலுறையில் நாளிதழ் மதிப்புரை இல்லை. அடுத்து அச்சான மேலுறையின் உள்மடிப்பில் 'சண்டே டைம்ஸ்' மதிப்புரை சேர்ந்தது. நூலும் மேலுறையும் பிறந்தபோதே இணைந்தவையாயின், வரவேற்பு வெளியீட்டு முறையை எவ்வாறு மாற்றியது என்பதற்கு அவை சான்றாகும். பின்னர் இணைக்கப்பட்டவையாயின் அச்சான்று மறைகிறது. முத்திரையை அழித்தல், பெயர் எழுதிய தாளை நீக்குதல், நகல் மேலுறையை அணிவித்து அதைக் குறிப்பிடாது விற்றல் ஆகியனவும் இவ்வகையினவே.

விலை உயர்வே பாதுகாப்பைத் தரும், விலையற்றது குப்பைக்குச் செல்லும் என்னும் மறுப்பு இங்கு எழலாம். அது ஓரளவு உண்மை. ஆனால் விலை காப்பது புகழ்பெற்ற ஆசிரியரின் புகழ்பெற்ற நூலை மட்டுமே. வில்லியம் லெ கியூ எழுதிய 'தி இன்வேஷன் ஆஃப் 1910' 1906இல் 'டெய்லி மெயில்' நாளிதழில் தொடராக வந்தபோது, படையெடுப்பு செல்லும் வழி அவ்விதழ் மிகுதியாக விற்கும் ஊர்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டது. கதையின் புவியியலை விற்பனை வகுத்த இச்செய்தியை ஆராய நாளிதழ்த் தாள்களே முதற்சான்று. ஜான் பக்கனின் 'தி தர்ட்டி-நைன் ஸ்டெப்ஸ்' 1915இல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் தொடராக வந்து அதே ஆண்டில் நூலாயிற்று. இத்தகைய படைப்புகளின் முதல் வடிவம் நூலே அன்று என்பதை முதற்பதிப்பு வழிபாடு மறைத்துவிடுகிறது.

தமிழ்ச் சூழலுக்கான பொருத்தம்

இவ்வினாக்கள் தமிழாய்வுக்குப் புறம்பானவை அல்ல. ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு முதலியோரின் மர்மப் புதினங்களையும் கல்விப்புலம் நெடுங்காலம் புறந்தள்ளியது. அவற்றையும் அவைபோன்ற வெகுமக்கள் அச்சுப் பொருள்களையும் காத்தவர்களுள் தலையாயவர் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனிமனிதர். அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றமையால் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. கிரீன் இங்கிலாந்தில் ஆற்றிய பணியோடு ஒப்பிட்டால் இதன் பரப்பு மிகப் பெரிது.

தமிழில் முதற்பதிப்பை அடையாளம் காண்பதே இடர்மிக்கது. ஒரு நூலைத் தாம் முதன்முறை அச்சிடும் பதிப்பகத்தார், அது முன்னரே வேறிடத்தில் வெளிவந்திருப்பினும், 'முதற்பதிப்பு' என்றே குறிப்பதுண்டு. அக்குறிப்பை நம்பி ஆண்டு வரையறுக்கும் ஆய்வேடுகள் பிழைபட நேர்கிறது. தொடர்கதைகளின் நிலையோ மேலும் நுட்பமானது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வந்தபோது, வாசகர்கள் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டடம் செய்து வைத்தனர். வீட்டுப் பரண்களில் எஞ்சியிருக்கும் அத்தகைய தொகுதிகளே தமிழ்ப் புதினங்கள் பலவற்றின் உண்மையான முதல் வடிவம். கைபட்ட படியும் அவையே. சந்தையில் அவற்றுக்கு உரிய விலை இல்லை. நூலகங்களும் அவற்றைக் கிழிந்த இதழ்க்கட்டுகளாகவே கருதுகின்றன.

முடிவுரை

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த மரபு தமிழ்ப் பதிப்புலகின் பெருமை. எழுதியவர் பெயர், ஏடு கிடைத்த இடம், சிதைவின் அளவு ஆகியவற்றைக்கூடக் குறித்துவைத்தது அம்மரபு. அதே கண் அச்சு நூலின்மீதும் படிய வேண்டும். பல்கலைக்கழக நூலகங்கள் செய்யத்தக்கவை சில உள. வெகுமக்கள் புதினங்களுக்குக் கெட்டி அட்டையிடும்போது மூல அட்டையை அகற்றாதிருத்தல். கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன் பதிப்பு விவரத்தை ஒப்பிடுதல். முத்திரை, கையெழுத்து, விலைக்குறிப்பு, மேலுறை ஆகியவற்றை நூலடைவில் பதிதல். வீடுகளில் உள்ள தொடர்கதைத் தொகுதிகளைக் கொடையாகப் பெறுதல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. எதைக் கழிக்கிறோம் என அறிந்து கழிக்கும் ஒழுங்கு போதும்.

மின்வருடல் வந்தபின் மூலநூல் எதற்கு என்னும் வினாவிற்கும் மேற்கூறியவற்றிலேயே விடை உண்டு. வைஸின் போலிகளைக் காட்டிக்கொடுத்தது தாள். அதன் தன்மையைப் படிமம் ஏந்தாது. பல்லாயிரம் பவுன் பெறும் குறையற்ற படியைச் செல்வர் காப்பர். நூறு பேர் படித்துத் தேய்ந்த படிக்குக் காவலர் இல்லை. வாசகரின் வரலாற்றை எழுத விழையும் துறைகளே அதற்குக் காவலாதல் வேண்டும்.